கைகளைத் தாங்கியவர்கள்: அமெரிக்காவின் கறுப்பின ஆசிரியைகளும் அவர்களுக்குத் துணைநின்ற சமூகமும்

விடுதலைப் பயண நூலின் 17ம் அதிகாரத்தில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு காட்சி வருகிறது. கீழே இரபிதிமில் போர் நடக்கிறது. குன்றின் உச்சியில் மோசே கைகளை உயர்த்தியபடி நிற்கிறார். நேரம் ஆக ஆக அவருடைய கைகள் தளர்ந்துபோகின்றன. ஆரோனும் கூரும் அவரை ஒரு கல்லின்மேல் அமரவைத்து, ஆளுக்கொரு பக்கமாக நின்று அவர் கைகளைத் தாங்கிக்கொள்கிறார்கள். செபத்தின் வல்லமைக்கு எடுத்துக்காட்டாக இதை மறையுரைகளில் நாம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ஆனால் அதில் ஒரு சிறு விவரத்தை எளிதாகக் கடந்துபோய்விடுகிறோம். மோசேயின் கை தளர்ந்த பிறகு யாரும் ஊருக்குள் ஓடி ஆரோனையும் கூரையும் அழைத்து வரவில்லை. போர் தொடங்கும்போதே அவர்கள் மோசேயோடு குன்றின்மேல் ஏறிவிட்டார்கள்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பினப் பெண்கள் ஆசிரியப் பணிக்காகப் பட்ட பாடுகளைப் படிக்கும்போது இந்தக் காட்சிதான் நம் நினைவுக்கு வருகிறது. அந்நாட்டில் 1865ம் ஆண்டு வரை அடிமை முறை நிலவியது. தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவு ஊட்டுவதே சட்டப்படி குற்றமாக இருந்தது. அதன் பிறகும் 1954ம் ஆண்டு வரை, தென் மாநிலங்களில் வெள்ளையினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி என்பது சட்டம். படித்த கறுப்பினப் பெண்களுக்குத் திறந்திருந்த மிகச் சில கதவுகளில் ஆசிரியப் பணியும் ஒன்று. ஊர் மக்கள் அவர்களை மிகவும் மதித்தார்கள். ஆனால் சம்பளம் கொடுத்தவர்களும் வேலையைப் பறிக்கும் அதிகாரம் உள்ளவர்களும் வேறு ஆட்கள். அப்படிப்பட்ட ஓர் ஆசிரியைக்கு இக்கட்டு வந்தபோது அவரோடு யார் நின்றார்கள், யார் நிற்கவில்லை, ஏன் நிற்கவில்லை என்பதைத்தான் இக்கட்டுரையில் சிந்திக்க விரும்புகிறோம். இது நம் திருச்சபையின் வரலாறும்கூட.

<b>பால்டிமோரில் ஒரு பள்ளி</b>

நாம் குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்த காலத்தில் அன்னை மேரி லாங்கே என்ற பெயரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஐரோப்பியச் சபை நிறுவனர்களின் பட்டியல் நீளமாக இருந்தது. அதில் இவருக்கு இடம் இல்லை.

எலிசபெத் லாங்கே பிரெஞ்சு மொழி பேசிய கறுப்பினப் பெண். கியூபாவின் சந்தியாகோவிலிருந்து வந்தவர் என்று கருதப்படுகிறார். 1813ம் ஆண்டளவில் மேரிலாண்ட் மாநிலத்தின் பால்டிமோர் நகரில் குடியேறினார். அன்று சான் தொமிங்கு என்று அழைக்கப்பட்ட ஹெயிட்டியின் புரட்சியிலிருந்து தப்பி வந்த பல குடும்பங்கள் அந்நகரில் இருந்தன. அடிமை முறை நடப்பில் இருந்த மாநிலம் அது. கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று அரசுப் பள்ளி எதுவும் கிடையாது. எலிசபெத் லாங்கே, தம் தோழி மரி பாலாஸ் என்பவரோடு சேர்ந்து, தம் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்பித்து வந்தார்.

சுல்பீசியன் சபை அருள்தந்தை ஜேம்ஸ் ஜூபேர் அந்த மக்களின் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தி வந்தவர். பிள்ளைகளுக்கு வாசிக்கவே தெரியாததால் மறைக்கல்வி பாடங்கள் மனதில் நிற்கவில்லை என்பதைக் கண்டு, ஒரு பள்ளி தொடங்க விரும்பினார். 1828ம் ஆண்டு அப்பள்ளி தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூலை 2ம் நாள் எலிசபெத் லாங்கேயும் வேறு மூன்று பெண்களும் துறவற வார்த்தைப்பாடு அளித்தனர். இறைப்பராமரிப்பின் ஒப்ளேட் சகோதரிகள் என்ற சபை இப்படித்தான் பிறந்தது. ஆப்பிரிக்க வழிவந்த பெண்களுக்காக உலகில் வெற்றிகரமாக நிலைபெற்ற முதல் கத்தோலிக்கத் துறவற சபை இதுவே. 1831ம் ஆண்டு திருத்தந்தை 16ம் கிரகோரியார் இதற்கு ஒப்புதல் அளித்தார். கறுப்பினப் பெண்கள் துறவற உடை அணிவதா என்று நகரில் முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். பேராயர் விட்ஃபீல்டு அச்சகோதரிகளின் பக்கம் நின்றார். 1832ம் ஆண்டு காலரா பரவியபோது இந்தச் சகோதரிகள் நோயாளிகளுக்குப் பணி செய்தார்கள்.

சோதனை 1843ம் ஆண்டு வந்தது. அந்த நவம்பரில் அருள்தந்தை ஜூபேர் இறந்தார். சபைக்காகப் பேசிய ஒரே குரல் அதோடு அடங்கியது. பேராயர் எக்கிள்ஸ்டனுக்கு இச்சபையின்மீது அக்கறை இல்லை. சகோதரிகள் சபையைக் கலைத்துவிட்டு வீட்டுவேலைக்குப் போகலாம் என்ற எண்ணம்தான் அங்கு இருந்தது. மாணவிகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆன்மீக வழிகாட்டியும் இல்லை. ஆசிரியைகளான சகோதரிகள், பகலில் பாடம் நடத்திவிட்டு, பிறருடைய துணிகளைத் துவைத்தும் தைத்தும் கிழிசல்களைச் சரிசெய்தும் வயிற்றைக் கழுவினார்கள். சபையைத் தொடங்கிய நால்வரில் ஒருவரான தெரேசா மேக்சிஸ், 1845ம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்திற்குச் சென்று, அங்கு மரியின் மாசற்ற இருதயப் பணியாளர் சபை தோன்றக் காரணமானார். அவர் வெளிர் நிறம் கொண்டவர். அவர் கறுப்பின வழிவந்தவர் என்பதைப் பிற்காலத்தவர் நெடுநாள் வெளியே பேசவில்லை.

1847ம் ஆண்டு நடந்ததை இச்சகோதரிகள் இன்றும் நன்றியோடு நினைவுகூருகிறார்கள். இரட்சகர் சபையின் இளம் குரு ததேயுஸ் அன்வாண்டர் பேராயரிடம் சென்றார். இந்தச் சகோதரிகளுக்கு வழிகாட்டியாக இருக்க அனுமதி கேட்டார். பேராயர் தயங்கினார். அன்வாண்டர் அங்கேயே முழந்தாளிட்டு மன்றாடினார். அனுமதி கிடைத்தது. அவர் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைத் திரட்டினார், உதவி கேட்டார். பள்ளி மீண்டும் நிரம்பியது. பின்னாளில் புனிதரான ஜான் நியூமன் இரட்சகர் சபையின் தலைவராக இருந்து அவருக்கு ஊக்கம் தந்தார்.

ஒரு குரு முழந்தாளிட்டது நமக்கு நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. குருவாகிய நாம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் கவனமாகவும் இருக்க வேண்டும். அன்வாண்டர் வருவதற்கு முன் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அந்தப் பெண்கள் எவருடைய துணையும் இன்றிப் பள்ளியை விடாமல் நடத்தினார்கள். அந்த நான்கு ஆண்டுகள்தான் பெரிய காரியம். அவர் காப்பாற்ற வந்தபோது காப்பாற்றுவதற்கு ஒரு பள்ளி இருந்தது என்றால், துணி துவைத்த கைகள்தான் காரணம். அதே நேரத்தில், ஒரே ஒரு மனிதரின் ஆதரவை நம்பி நிற்கும் பணி அவர் கண் மூடியதும் எப்படி ஆட்டங்காண்கிறது என்பதையும் 1843ம் ஆண்டு காட்டுகிறது.

<b>726 கடிதங்கள்</b>

இதே கேள்வி நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, கத்தோலிக்க வட்டத்துக்கு வெளியே, தென் கரோலினா மாநிலத்தில் ஓர் ஆசிரியையின் வாழ்வில் மிகக் கூர்மையாக எழுந்தது. அவர் செப்டிமா கிளார்க். 1898ம் ஆண்டு சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தவர். அவர் தந்தை அடிமையாகப் பிறந்தவர்.

18 வயதில் செப்டிமா ஆசிரியையானபோது சொந்த ஊரில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. சார்ல்ஸ்டன் அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையின ஆசிரியர்களே நியமிக்கப்பட்டனர். எனவே 1916ம் ஆண்டு அருகிலுள்ள ஜான்ஸ் தீவுக்குப் போனார். அவருக்கும் உடன் இருந்த இன்னோர் ஆசிரியைக்கும் 132 பிள்ளைகள். எதிரே இருந்த வெள்ளையினப் பள்ளியில் மூன்றே பிள்ளைகள். செப்டிமாவுக்கு மாதம் 35 டாலர், எதிர்ப்பள்ளி ஆசிரியைக்கு 85 டாலர். பிறகு சார்ல்ஸ்டனுக்குத் திரும்பி, கறுப்பின ஆசிரியர்களை நகரப் பள்ளிகளில் நியமிக்கக் கோரி வீடு வீடாகச் சென்று கையெழுத்துத் திரட்டியவர்களில் ஒருவரானார். 1920ம் ஆண்டு அந்தக் கோரிக்கை வென்றது. 1945ம் ஆண்டு கொலம்பியா நகரில் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டு நடந்த வழக்கிலும் உழைத்தார். அந்த வழக்குகளை நடத்தியது கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் என்ற அமைப்பு.

1954ம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பள்ளிகளை இனவாரியாகப் பிரிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கையும் நடத்தியது இதே சங்கம். தென் கரோலினா அரசு அதற்குப் பதிலடியாக 1956ம் ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இச்சங்கத்தில் உறுப்பினராக உள்ள எவரும் அரசு வேலையில் இருக்க முடியாது என்பது அச்சட்டம். ஆசிரியர்களிடம் படிவங்கள் கொடுக்கப்பட்டன. எல்லோரி என்ற சிற்றூரின் பள்ளியில் 21 ஆசிரியர்கள் அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத மறுத்து வேலை இழந்தனர். செப்டிமா கிளார்க் சார்ல்ஸ்டன் கிளையின் துணைத் தலைவராக இருந்தவர். மறைக்கவில்லை. 40 ஆண்டுகள் கற்பித்தவரைப் பணியிலிருந்து நீக்கினார்கள். ஓய்வூதியமும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 58.

அவர் சும்மா இருக்கவில்லை. இந்தச் சட்டம் அநீதியானது என்று ஒருமித்துச் சொல்லலாம் வாருங்கள் என்று 726 கறுப்பின ஆசிரியர்களுக்குக் கையொப்பமிட்டுக் கடிதம் அனுப்பினார். பதில் எழுதியவர்கள் 26 பேர். கல்விக் கண்காணிப்பாளரை நேரில் சந்திக்க வருகிறோம் என்றவர்கள் 11 பேர். குறித்த நாளில் வந்து நின்றவர்கள் ஐந்து பேர்.

பங்குத்தந்தையாக இருக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள். "சாமி, நீங்க முன்னால போங்க, நாங்க பின்னால இருக்கோம்" என்பார்கள். மனு கொடுக்கும் நாளில் திரும்பிப் பார்த்தால் ஐந்து பேர். கோபம் வரும். ஆனால் அந்த ஆசிரியர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. குடும்பத்தின் ஒரே வருமானம் அவர்கள் சம்பளம். வேலை போனால் அதே மாநிலத்தில் இன்னொரு பள்ளியும் சேர்க்காது. வாடகை யார் கொடுப்பார், பிள்ளைகளின் படிப்பு என்னாகும் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

செப்டிமா சார்ந்திருந்த கறுப்பினப் பட்டதாரிப் பெண்களின் சங்கம் ஒன்று அவருக்கு ஆதரவாக விருந்து வைத்து நிதி திரட்டியது. அன்பாகத்தான் செய்தார்கள். ஆனால் அவரோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. படம் யார் கையிலாவது சிக்கினால் தங்கள் வேலையும் போய்விடும் என்ற பயம். ஆதரவு இருந்தது, அதற்கு முகம் காட்டத் துணிவு இல்லை. இந்த வரலாற்றில் நம்மை அதிக நேரம் யோசிக்க வைத்தது அந்த எடுக்கப்படாத புகைப்படம்தான்.

பிற்காலத்தில் செப்டிமா அந்தக் கடித முயற்சியைத் தம் வாழ்வின் தோல்விகளில் ஒன்றாகவே எண்ணினார். குற்றத்தை மற்றவர்கள்மேல் போடவில்லை. அவர்கள் இன்னும் ஆயத்தமாகாத ஒன்றுக்குள் தாம் அவர்களைத் தள்ளப் பார்த்ததாக நினைத்தார். மக்களை முதலில் ஆயத்தப்படுத்த வேண்டும் என்ற பாடத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டார். இத்தனை பெருந்தன்மை நமக்கு வருமா என்று தெரியவில்லை.

<b>கையில் ஒரு வருடச் சம்பளம்</b>

ஆயத்தம் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள, சார்ல்ஸ்டனிலிருந்து 17 ஆண்டுகள் பின்னோக்கி, வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகருக்குப் போக வேண்டும். அங்கே அலீன் பிளாக் என்பவர் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து வந்தார். அதே தகுதியும் அனுபவமும் உள்ள வெள்ளையின ஆசிரியருக்குக் கிடைத்த சம்பளம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1939ம் ஆண்டு வழக்குத் தொடுத்தார். கல்வி வாரியம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. வேலை போயிற்று.

ஆனால் இங்கே நடந்தது வேறு. வழக்குப் போடும் ஆசிரியருக்கு வேலை போகும் என்பதை வர்ஜீனியாவின் கறுப்பின ஆசிரியர் சங்கம் முன்கூட்டியே கணித்திருந்தது. அதற்கென நிதி திரட்டி, வேலை இழப்பவருக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுப்பதாக ஏற்கெனவே உறுதி சொல்லியிருந்தது. அலீன் பிளாக் நியூயார்க் சென்று மேற்படிப்பைத் தொடர்ந்தார். நார்ஃபோக்கில் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஆசிரியைக்காகப் பதாகைகளை ஏந்தி ஊர்வலம் போனார்கள். பெற்றோர் ஆலயத்தில் கூடினார்கள். அவருடைய வழக்கு நின்றுபோன இடத்தில் மெல்வின் ஆல்ஸ்டன் என்ற இன்னோர் ஆசிரியர் முன்வந்தார். இளம் வழக்கறிஞர் தர்குட் மார்ஷலும் அவர் தோழர்களும் வாதிட்டார்கள். 1940ம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், இன அடிப்படையில் சம்பளத்தை வேறுபடுத்துவது சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்புச் சொன்னது. 1941ம் ஆண்டு அலீன் பிளாக் மீண்டும் பணியில் சேர்ந்தார்.

சார்ல்ஸ்டன் ஆசிரியர்களைவிட நார்ஃபோக் ஆசிரியர்கள் துணிச்சல்காரர்களா? நாம் அப்படி நினைக்கவில்லை. ஒருவர் வீழ்ந்தால் அவர் வீட்டு அடுப்பு அணையாது என்ற உறுதியை முன்பே ஏற்பாடு செய்துவைத்திருந்தார்கள். செபக்குழுக்களும் ஆறுதல் வார்த்தைகளும் வேண்டியவைதான். ஆனால் நீதிக்காக நிற்பவருக்குப் பல நேரங்களில் முதலில் தேவைப்படுவது வாடகைப் பணம். இதைப் பீடத்திலிருந்து சொல்ல நாம் கூச்சப்படுகிறோம்.

செப்டிமாவும் பின்பு இந்த வழியில்தான் நடந்தார். டென்னசி மாநிலத்தில் ஹைலாண்டர் என்ற மக்கள் பயிற்சிப் பள்ளி இருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்து உண்ட, அன்று மிக அரிதான இடம் அது. வேலை இழந்த செப்டிமாவை அவர்கள் முழுநேரப் பணியாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கோடையிலேயே அவர் அங்கு நடத்திய பயிற்சியில் ரோசா பார்க்ஸ் கலந்துகொண்டிருந்தார். சில மாதங்கள் கழித்து மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தவர் அவரே.

1957ம் ஆண்டு ஜனவரியில் ஜான்ஸ் தீவில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில், பெரியவர்களுக்கான முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. வாக்காளராகப் பதிவுசெய்ய எழுத்தறிவுத் தேர்வு எழுத வேண்டியிருந்த காலம். ஆசிரியையாக செப்டிமா தேர்ந்தெடுத்தது தம் உறவினர் பெர்னிஸ் ராபின்சனை. அழகு நிலையம் நடத்தி வந்தவர். தாம் ஆசிரியை அல்ல என்று மறுத்துப் பார்த்தார். அழகு நிலையம் அவருடைய சொந்தத் தொழில், வாடிக்கையாளர்களும் கறுப்பினப் பெண்களே. ஆகவே அவரை வேலைநீக்கம் செய்ய எந்தக் கல்வி வாரியத்தாலும் முடியாது. 1956ம் ஆண்டின் பாடம் இங்கே வேலை செய்வதைக் காண்கிறோம். ராபின்சன் முதல் நாளில் பாடம் தொடங்கவில்லை. உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். தங்கள் பெயரை எழுத வேண்டும், விவிலியம் வாசிக்க வேண்டும், அஞ்சலில் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். அங்கிருந்து தொடங்கினார். இப்பள்ளிகள் தென் மாநிலங்கள் எங்கும் நூற்றுக்கணக்கில் பரவின. அவற்றில் கற்பித்தவர்களில் பலர் சாதாரணப் பெண்கள்.

செப்டிமாவின் ஓய்வூதியத்தைத் தென் கரோலினா மாநிலம் 1976ம் ஆண்டுதான் திருப்பிக் கொடுத்தது. 1987ம் ஆண்டு அவர் இறந்தார்.

<b>வெற்றியின் விலை</b>

1954ம் ஆண்டுத் தீர்ப்பு நாம் அனைவரும் கொண்டாடும் தீர்ப்பு. அதன் மறுபக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. அந்த வழக்கின் பெயரோடு சேர்ந்துவிட்ட ஊர் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1953ம் ஆண்டு வசந்தத்தில், அவ்வூர்க் கல்விக் கண்காணிப்பாளர் கறுப்பின ஆசிரியைகளுக்குக் கடிதம் அனுப்பினார். பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டால், வெள்ளையினப் பிள்ளைகளுக்குக் கறுப்பின ஆசிரியர் கற்பிப்பதை ஊரில் பெரும்பாலோர் விரும்பமாட்டார்கள், ஆகவே அடுத்த ஆண்டு வேலை உறுதியில்லை என்பது அதன் சாரம்.

நடந்ததும் அதுதான். பல ஊர்களில் பிள்ளைகளை வெள்ளையினப் பள்ளிக்கு மாற்றினார்கள், கறுப்பினப் பள்ளியை மூடினார்கள், அதன் ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1954 முதல் 1965 வரை 17 தெற்கு, எல்லை மாநிலங்களில் 38,000க்கும் அதிகமான கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது பரவலாகக் குறிப்பிடப்படும் கணக்கு. பிள்ளைகளுக்குக் கதவு திறந்தபோது, அவர்களை அதுவரை வளர்த்த ஆசிரியைகளுக்குக் கதவு மூடியது.

இதில் இன்னொரு வேதனை உண்டு. கறுப்பின ஆசிரியர்களுக்கென 1904ம் ஆண்டு முதல் தனிச் சங்கம் இருந்தது. பின்னாளில் அமெரிக்க ஆசிரியர் சங்கம் என்று பெயர் பெற்றது. 1966ம் ஆண்டு அது நாட்டின் பெரிய ஆசிரியர் அமைப்பான தேசியக் கல்விச் சங்கத்துடன் இணைந்தது. நல்ல நோக்கத்தோடு நடந்த இணைப்புதான். மாநிலச் சங்கங்களும் ஒவ்வொன்றாக அடுத்த ஆண்டுகளில் இணைந்தன. ஆனால் பணிநீக்கங்கள் தொடர்ந்த அதே காலத்தில், நார்ஃபோக்கில் ஒரு வருடச் சம்பளம் ஏற்பாடு செய்தது போன்ற சொந்த அமைப்பு அந்த ஆசிரியைகளுக்கு இல்லாமல் போயிற்று. ஒன்றாவது நல்லது. சிறியவர் பெரியவரோடு ஒன்றாகும்போது, சிறியவரிடம் ஏற்கெனவே இருந்தது என்ன ஆகும் என்று முதலில் கேட்டுவிட வேண்டும் என்பது நம் கருத்து.

<b>ஒவ்வொரு மடத்திலும் ஒருவர்</b>

நம் திருச்சபைக்குத் திரும்புவோம். வெள்ளையினத் துறவற சபைகள் பல, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கறுப்பினப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பின்பு சேர்த்தபோது, பெரிய மடங்களில் ஒரே ஒரு கறுப்பினச் சகோதரி என்ற நிலை இருந்தது. அவர்களில் பலர் கத்தோலிக்கப் பள்ளிகளின் ஆசிரியைகள். வரலாற்றாசிரியர் ஷேனன் டீ வில்லியம்ஸ் 2022ம் ஆண்டு வெளியிட்ட நூலில், இச்சகோதரிகள் தங்கள் சபைகளுக்குள்ளேயே அனுபவித்த அவமதிப்புகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். வாசிக்க வருத்தமாக இருக்கிறது. வாசிக்கத்தான் வேண்டும்.

1968ம் ஆண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். சில நாள்களில் கறுப்பினக் கத்தோலிக்கக் குருக்கள் டெட்ராய்ட் நகரில் கூடினார்கள். அங்கு சென்று வந்த, பிட்ஸ்பர்க் இரக்கத்தின் சகோதரிகள் சபையைச் சேர்ந்த இளம் சகோதரி மார்ட்டின் தெ போரஸ் கிரே, சகோதரிகளுக்கும் இத்தகைய கூட்டம் தேவை என்று முடிவு செய்தார். அதே ஆகஸ்டில் பிட்ஸ்பர்கின் மவுண்ட் மெர்சி கல்லூரியில் 79 சபைகளிலிருந்து 155 கறுப்பினச் சகோதரிகள் கூடினார்கள். தங்கள் மடத்தில் தங்களைப் போன்ற இன்னொருவரைக் கண்டிராத பலருக்கு, அறை நிறையச் சகோதரிகளைப் பார்ப்பதே பெரிய அனுபவமாக இருந்திருக்கும். தேசியக் கறுப்பினச் சகோதரிகள் மாநாடு என்ற அமைப்பு இப்படி உருவானது.

அவர்களுள் ஒருவர் இறையடியார் தியா போமன். மிசிசிப்பி மாநிலத்தில் 1937ம் ஆண்டு பிறந்தவர். தம் ஊரில் பள்ளி நடத்திய நித்திய ஆராதனையின் பிரான்சிஸ்கன் சகோதரிகளால் ஈர்க்கப்பட்டு, 15 வயதில் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள அவர்களுடைய மடத்தில் சேர்ந்தார். அங்கே கறுப்பினத்தவர் அவர் ஒருவரே. பள்ளியிலும் கல்லூரியிலும் கற்பித்தார். 1972ம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். லூசியானாவின் சேவியர் பல்கலைக்கழகத்தில் கறுப்பினக் கத்தோலிக்கக் கல்வி நிறுவனம் 1980ம் ஆண்டு தொடங்கியது முதல் அதில் கற்பித்தார். 1989ம் ஆண்டு ஜூனில், புற்றுநோயோடு சக்கர நாற்காலியில் அமர்ந்து, அமெரிக்க ஆயர்களிடம் உரையாற்றினார். பாடினார், சிரிக்க வைத்தார், கண்டிக்கவும் செய்தார். முடிவில் ஆயர்களை எழுந்து நின்று கைகளைக் கோத்துக்கொண்டு பாடச் சொன்னார். கைகளைக் குறுக்காக வைத்து நெருங்கி நிற்க வேண்டும் என்று, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே சொன்னார். அவர்களும் கீழ்ப்படிந்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 30ம் நாள் இறந்தார்.

<b>இன்றைய வகுப்பறை</b>

2020-21ம் கல்வியாண்டுக்கான அமெரிக்க அரசின் கணக்கெடுப்பின்படி, அரசுப் பள்ளி ஆசிரியர்களில் கறுப்பினத்தவர் 6 விழுக்காடு மட்டுமே. மாணவர்களிலோ ஏறக்குறைய 15 விழுக்காடு. கறுப்பின ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். மூன்றாம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 13 விழுக்காடு அதிகம் என்று 2018ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

கல்விச் செயலராக இருந்த ஜான் கிங் 2016ம் ஆண்டு இந்த ஆசிரியர்கள் சுமக்கும் பாரத்தைக் கண்ணுக்குத் தெரியாத வரி என்று குறிப்பிட்டார். பள்ளியில் கறுப்பினப் பிள்ளை யார் சேட்டை செய்தாலும் அந்த ஒரே ஆசிரியையிடம் அனுப்புவது, பெற்றோர் கோபமாக வந்தால் அவரையே பேசச் சொல்வது, இனம் பற்றிய எந்தக் கூட்டத்திற்கும் அவரையே உட்கார வைப்பது. இதற்குக் கூடுதல் சம்பளமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. சில ஆண்டுகளில் களைத்து வெளியேறிவிடுகிறார்கள். பாராட்டுப் பத்திரம் கொடுத்து இதைச் சரிசெய்ய முடியாது. ஒரு பள்ளியில் ஒருவரை நியமிப்பதற்குப் பதில் இருவரையோ மூவரையோ சேர்ந்தே நியமிக்கலாம். கூடுதல் வேலையை வேலையாகவே கணக்கிட்டுச் சம்பளம் கொடுக்கலாம். தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கப்படும் நாளில் உடன் செல்ல ஒருவரை, வெள்ளையினச் சக ஆசிரியராக இருந்தாலும், முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். அவரும் புகைப்படத்தில் நிற்கத் தயாராக இருக்க வேண்டும். பல நகரங்களில் கறுப்பின ஆசிரியர்கள் மாதந்தோறும் தங்களுக்குள் கூடிப் பேசும் வட்டங்களை இப்போது மீண்டும் உருவாக்கி வருகிறார்கள். 1966ம் ஆண்டு கைவிட்டுப்போனதை வேறு வடிவில் திரும்பக் கட்டுகிறார்கள் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

அன்னை மேரி லாங்கே 1882ம் ஆண்டு பிப்ரவரி 3ம் நாள் இறந்தார். 2023ம் ஆண்டு ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். அவர் தொடங்கிய பள்ளி செயிண்ட் பிரான்சிஸ் அகாடமி என்ற பெயரில் பால்டிமோரின் கிழக்குப் பகுதியில், நகரச் சிறைச்சாலைக்கு அருகில், இன்றும் நடந்து வருகிறது.